ஆற்றோரச் சாலையில் ஒரு அங்கிள்

விக்கி, உனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் இதை அம்மாதான் உனக்குப் படித்துக் காட்டுவாள். அவள் குரலில் கேட்டால் நான் எழுதியதைவிடக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும் என்று ஒரு நப்பாசை. நடுவில் அவள் நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தினால் பொறுத்துக்கொள். தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்காக என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: அமெரிக்காவில் பிள்ளை வளர்ப்பு. இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர், நாலு நல்ல வார்த்தை எழுதுங்கள் என்றார்கள். என்னிடம் இருப்பது இந்தக் கடிதம்தான். உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் செய்ததை நாலு பேர் முன்னால்தான் செய்தேன், அதனால் இதையும் நாலு பேர் படிக்கட்டும் என்று கொடுத்துவிட்டேன்.

அக்டோபரில் உனக்கும் ஆன்னாவுக்கும் கல்யாணம். ஆன்னாவின் ஊரில், ஆற்றைப் பார்த்த ஒரு புல்வெளியில், இலைகள் நிறம் மாறும் சமயத்தில். போன மாதம் யார் யாரை அழைப்பது என்று இங்கே எடிசனில் இருக்கும் அம்மாவிடம் ஃபோனில் பேசும்போது நீ சொன்னாயாம், “அப்பாவோட எடிசன் ஃப்ரெண்ட்ஸ் வேண்டாம்மா. சின்னதா பண்ணலாம். அவருக்கு ஸ்ட்ரெஸ் ஆகும்.” அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “இவருக்கு என்னடா ஸ்ட்ரெஸ், ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடணும்னு நிக்கிற ஆளு” என்றாளாம். நீ பேச்சை மாற்றிவிட்டாய். எனக்கு மட்டும் புரிந்தது. மே மாதம் ஒருமுறை என் மானத்தைக் காப்பாற்ற நீ ஒதுங்கிக்கொண்டாய். இப்போது உன் கல்யாணத்திலேயே ஒதுங்கிக்கொள்ளப் பார்க்கிறாய்.

மற்றவர்களும் படிப்பதால் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. நாங்கள் சுகர் லேண்டில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருந்தோம். எனக்கு ஒரு எனர்ஜி கம்பெனியில் குழாய் டிசைன் வேலை. காலையில் ஃப்ரீவே, மாலையில் ஃப்ரீவே, நடுவில் ஆபீஸ். பால் வாங்கவும் கார்தான். உனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது ஒரு சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு பிரேசோஸ் ஆறு வரைக்கும் போய்விட்டு, முகமெல்லாம் சிவந்து வந்து நின்றாய். “அப்பா, ரிவர் வரைக்கும் ஒரு பேக் ரோட் இருக்கு. கார்ஸே இல்ல” என்றாய். ஆறு எப்படி இருந்தது என்று நான் கேட்டிருக்கலாம். ஃப்ரீவேயை ஒட்டிக் கார்கள் பறக்கிற ஃபீடர் ரோட்டைத் தாண்டி எப்படிப் போனாய் என்று கத்திவிட்டு, உன் சைக்கிளைக் கராஜ் கூரையில் கொக்கி போட்டு மாட்டிவிட்டேன். அது அங்கேயே தொங்கியது. நீ படித்தாய், நன்றாகவே படித்தாய், கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த சான்டா கிளாராவில் பெரிய கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாய். எனக்கு உலகத்தில் இனி ஒரு குறையும் இல்லை என்று நினைத்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நீ அந்த வேலையை விட்டாய். டெலவர் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நண்பனோடு சேர்ந்து, பட்டணத்திலிருந்து வருகிறவர்களை ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்கச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போகப் போவதாகச் சொன்னாய். நான் ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன். திரும்பி வந்து அவளிடம் சொன்னது ஒன்றுதான், “யாருகிட்டயும் இப்போதைக்குச் சொல்லாத.” உன் அக்காவுக்குக் குழந்தை பிறந்து நாங்கள் அவள் இருக்கும் எடிசனுக்குக் குடிவந்தபோது அந்த “இப்போதைக்கு” இன்னும் முடிந்திருக்கவில்லை. இங்கே பார்க்கில் காலையில் நடக்கிற கோஷ்டியோடு பழக்கமானேன். எல்லாரும் என் வயதுக்காரர்கள், எல்லாரும் இன்ஜினியர்கள், எல்லாருக்கும் முட்டி வலி. “பையன் எங்க சார்?” என்று பாலு சார் கேட்டபோது “சான்டா கிளாராவுல” என்று வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. ஒரு காலத்தில் உண்மையாக இருந்ததைத்தானே சொல்கிறோம் என்று மனசுக்குள் ஒரு சமாதானம். எங்கள் வீட்டிலிருந்து உன் ஊர் ஒரு மணி நேரம்கூட இல்லை. அம்மா அடிக்கடி அக்காவோடு வந்து உன்னைப் பார்த்தாள். நீ எங்கள் வீட்டுக்கு வருவாய். உன் கடைப்படி மட்டும் நான் ஏறவில்லை. முதுகு வலி, மழை, வரி ஃபைல் பண்ண வேண்டும், ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருந்தது.

ஏப்ரல் கடைசியில் பாலு சாருக்கு ஒரு யோசனை வந்தது. நடந்து நடந்து அலுத்துவிட்டது, ஆறு பேரும் ஒரு நாள் சைக்கிள் டூர் போகலாம் என்றார். ஆன்லைனில் பார்த்து அவரே புக் பண்ணிவிட்டார். எந்த ஆறு என்று கேட்டேன். டெலவர் என்றார். அந்தப் பக்கம் டூர் நடத்துகிறவர்கள் பலர் இருக்கிறார்கள், உன் கடையாகத்தான் இருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கடை பெயரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. வரவில்லை என்று சொல்லவும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன் விக்கி, நீயாக இருக்கக் கூடாது என்று எவ்வளவு பயந்தேனோ அவ்வளவு ஆசையும் இருந்தது. நீ வேலை செய்வதை ஒருமுறை பார்க்க வேண்டும், ஆனால் அதற்கு நான் எந்த விலையும் கொடுக்கக் கூடாது. அப்படிப்பட்ட ஆசை.

கார் நிறுத்துமிடத்தில் நீ சைக்கிள்களை வரிசையாக வைத்துக்கொண்டு நின்றாய். தாடி, ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி. எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிற பட்டமளிப்பு ஃபோட்டோவில் மழமழவென்று சிரைத்துக் கோட் போட்ட பையனைப் பார்த்தவர்கள் யாரும் உன்னை அடையாளம் கண்டிருக்க முடியாது. நான் கண்டேன். நீயும் என்னைக் கண்டாய். கண்ணாடியைக் கழற்றினாய். உன் முகம் முழுக்கச் சிரிப்பு வர ஆரம்பித்தது. நான் கடைசியில் வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாய். உன் வாய் அப்பா என்று சொல்லத் திறந்தது. நான் குனிந்து, அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தேன்.

நிமிர்ந்தபோது நீ கண்ணாடியைத் திரும்பப் போட்டிருந்தாய். “ஹாய் எவ்ரிபடி, ஐ ஆம் விக்” என்றாய். ஒவ்வொருவருக்காகச் சீட்டின் உயரம் சரிசெய்துகொண்டு வந்து, என் சைக்கிள் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல் கேட்டாய். “சீட் ஹைட் ஓகேயா, அங்கிள்?”

ஓகே என்றேன்.

அதற்குப் பிறகு நீ எங்களைக் கூட்டிக்கொண்டு போன வழியை எனக்கு வரையத் தெரியும், அவ்வளவு நன்றாக மனசில் இருக்கிறது. முதலில் ஆற்றோரச் சாலை, இடது பக்கம் ஆறு, வலது பக்கம் பாறை. எதிர்காற்று முகத்தில் அடித்தது. எங்கள் ஆள் ஒருவர் முனகியபோது, காலையில் காற்றோடு மல்லுக்கட்டிவிட்டால் களைத்துத் திரும்பும்போது அதுவே முதுகைத் தள்ளிக்கொண்டு வரும், அதற்காகத்தான் இந்தப் பக்கம் என்றாய். பத்து மணிக்கு மேல் பெரிய சாலையில் மோட்டார் சைக்கிள் கூட்டம் வரும் என்று ஒரு ஓடையை ஒட்டின சின்னச் சாலைக்குள் திருப்பினாய். ஆற்றை விட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே ஏற்றம்தான். பாலு சார் பாதி மேட்டில் நாக்குத் தள்ளி நின்றுவிடப் போனார். நீ பக்கத்தில் வந்து, ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை அவர் முதுகில் வைத்து மேலே வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாய். உச்சியில் மக்காச்சோள வயல்களும், கூரை போட்ட மரப்பாலமும், கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையும். எனக்கு உன்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை வைத்துக்கொள்ள எனக்கு இடம் இல்லை. எல்லாரும் “நல்ல பையன் சார்” என்றபோது நானும் “ஆமா, நல்ல பையன்” என்றேன், யாரோ வீட்டுப் பையனைச் சொல்வதுபோல.

மேட்டிலிருந்து இறங்கி வந்தோம். ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியா பக்கம் போகிற இரும்புப் பாலத்தில் சைக்கிள் ஓட்டக் கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஒருவர் பின் ஒருவராகப் போனோம். நான் கடைசி. நீ எல்லாரையும் முன்னால் அனுப்பிவிட்டு எனக்குப் பின்னால் வந்தாய். மற்றவர்கள் ரொம்ப தூரம் போய்விட்டார்கள். கீழே தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு போனது, பேசினால் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குப் பாலம் முழுக்க நேரம் இருந்தது. நீ மெதுவாக, “தண்ணி குடிச்சீங்களா?” என்றாய். அப்பா என்றும் சொல்லவில்லை, அங்கிள் என்றும் சொல்லவில்லை. எதைச் சொல்வது என்று என்னிடம் விட்டுவிட்டாய். நான், “காத்து ஜாஸ்தியா இருக்கு” என்றேன். பிறகு அந்தக் கரை வந்துவிட்டது.

அங்கே மர மேஜையில் சாப்பிட உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். நான் கொண்டுபோனது அம்மா செய்த புளியோதரை. பாலு சார் ஒரு பேப்பர் தட்டில் அள்ளி வைத்து “சாப்பிடு தம்பி, நம்ம ஊர்ச் சாப்பாடு” என்று உன்னிடம் நீட்டினார். நீ ஒரு வாய் வைத்தாய். மென்றது நின்றது. “ரொம்ப நல்லா இருக்கு. யாரு பண்ணினது?” என்றாய். “இதோ, நம்ம சார் வீட்டுல.” நீ இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டாய். என்னைப் பார்த்து, “ஆன்ட்டிக்கு தேங்க்ஸ் சொல்லுங்க, அங்கிள்” என்றாய்.

பாலு சார் விடுகிற ஆளா. அப்பா அம்மா எந்த ஊர் தம்பி என்றார். கரூர் என்றாய், பொய் சொல்ல உனக்கு வரவில்லை. “அட, நம்ம சாரும் கரூர்தான்” என்று என் தோளில் தட்டினார். “அப்படியா அங்கிள்?” என்றாய். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றாய். பாலு சார் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். “கோச்சுக்காத தம்பி. இவ்வளவு படிச்சிட்டு இந்த வேலைக்கு வந்தியே, உங்க அப்பா ஒண்ணும் சொல்லலையா?” நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னாய். “அவர் ரொம்ப கஷ்டப்பட்டு எங்களைக் கொண்டு வந்தார், அங்கிள். சோ அவர் பயப்படுறார். தட்ஸ் ஃபேர். ஹீ ஜஸ்ட் நீட்ஸ் டைம்.” தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு சைக்கிள்களைப் பார்க்க எழுந்து போய்விட்டாய்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், “புளியோதரை போணியாச்சா?” எல்லாரும் சாப்பிட்டார்கள், ரொம்ப நன்றாக இருந்ததாகச் சொல்லச் சொன்னார்கள் என்றேன். நீ அவளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லியிருப்பாய் என்று பயந்துகொண்டே காலிப் பாத்திரத்தைக் கழுவினேன். நீ சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தபோதும் சொல்லவில்லை. என் கால் வலிக்கு ஸ்ட்ரெச் சொல்லிக்கொடுத்தாய். நான் எந்த மேட்டில் கால் வலியை வாங்கினேன் என்று அம்மாவுக்கு எதிரில் கேட்கவில்லை.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற மகனுக்கு அப்பா எழுதுகிற கடிதத்தில் அறிவுரை இருக்க வேண்டும். எனக்கு அந்த யோக்கியதை இல்லை, ஆனாலும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஹெல்த் இன்ஷூரன்ஸை நல்லதாக எடு, மலிவாக எடுக்காதே. சமையலறை உன்னுடையதும்தான், ஆன்னா மேல் போட்டுவிடாதே. இரண்டும் நீ ஏற்கெனவே செய்வது என்று அம்மா சொல்கிறாள், அதனால் விட்டுவிடுகிறேன். மீதி இருக்கிற ஒன்றுதான் எனக்கே தெரிந்தது. நீயும் ஆன்னாவும் எதைப் பற்றியாவது “இப்போதைக்கு யாருக்கும் சொல்ல வேண்டாம்” என்று பேசிக்கொண்டால், எப்போது சொல்வது என்பதையும் அங்கேயே பேசி முடித்துவிடுங்கள். இல்லையென்றால் சோபாவைப் போல அது வீட்டிலேயே கிடக்கும், நீங்கள் அதைச் சுற்றிச் சுற்றி நடக்கப் பழகிவிடுவீர்கள். நான் உன்னைப் பற்றி வெட்கப்படுகிறேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. சான்டா கிளாரா இல்லாமல் என்னைப் பார்த்தால் இவர்களுக்கு என்ன தெரியும், குழாய் டிசைன் பண்ணி ரிட்டயர் ஆன முட்டி வலிக்காரன். உன் வேலையை நான் சட்டை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். நீ அதைக் கழற்றிக்கொண்டதும் எனக்கு வெளியே வரக் கூச்சமாகிவிட்டது. இதைச் சொல்லக் கேவலமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதுதான் விஷயம்.

கல்யாண அழைப்பைப் பற்றி நீ ஃபோன் பண்ணியதற்கு மறுநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஷூ லேஸ், பாலம், பாலு சார் கேட்ட கேள்வி, எல்லாவற்றையும் கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். “நான் செஞ்ச சோத்தைத் தின்னுட்டு என் புள்ளை என்னை ஆன்ட்டின்னா சொன்னான்?” அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள்தான் வாய் திறந்தாள். “அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. சொல்லிட்டு வந்து என்கிட்ட பேசுங்க” என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் இரண்டாவது சுற்றில் சொன்னேன். எப்படி ஆரம்பிப்பது என்று வீட்டில் ஒத்திகையெல்லாம் பார்த்திருந்தேன், எதுவும் வரவில்லை. “மே மாசம் நம்மளை சைக்கிள்ல கூட்டிட்டுப் போனானே விக், அவன் என் பையன்” என்று மட்டும் சொன்னேன். ஒருவர், “எந்தப் பையன் சார், சான்டா கிளாரா பையனா?” என்றார். எனக்கு ஒரே பையன்தான் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் பாலு சாரைப் பார்த்தார்கள். அவர் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

“உங்க அப்பா ஒண்ணும் சொல்லலையான்னு நான் அவன்கிட்டயே கேட்டேனே சார். நீங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தீங்க.”

“ஆமா.”

கோபம்தான் வரப்போகிறது என்று நின்றேன். அவர் குரல் உடைந்துவிட்டது. “அவன் உங்களை ஒரு வார்த்தைகூட விட்டுக்கொடுக்கலையே சார்.”

திட்டியிருந்தால் தேவலை. அந்த வார்த்தையை வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன், இன்னும் இறக்கி வைக்க முடியவில்லை. நீ என்னை விட்டுக்கொடுக்கவில்லை. நான் உன்னை விட்டுக்கொடுத்தேன், ஒருமுறை இல்லை, நாலு வருஷமாக, யார் கேட்டாலும். மன்னித்துவிடு என்று கேட்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன், ஆனால் நீ மே மாதமே மன்னித்துவிட்டாய் என்று தெரியும். அதுதான் தாங்க முடியவில்லை.

பாலு சாரையும் மற்ற நாலு பேரையும் குடும்பத்தோடு உன் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் அழைத்தது தப்பு. வேண்டாம் என்று நீ சொன்னால் நானே ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், என் பையனுக்கு என்னால் வந்த வருத்தம் என்று சொல்லிவிட்டு வருகிறேன். வரட்டும் என்றால் எனக்கு ஒரு வேலை கொடு. சாப்பாட்டு ஏற்பாட்டை உன் அக்கா பார்ப்பாள், வண்டி நிறுத்துவதை அவள் வீட்டுக்காரர் பார்ப்பார். நான் காலையிலிருந்து வாசலில் உன் பக்கத்தில் நிற்கிறேன். வருகிற ஒவ்வொருவரிடமும் நான்தான் முதலில் பேசுவேன். அவர்களுக்கு உன்னை ஏற்கெனவே தெரிந்திருந்தாலும் பரவாயில்லை. இவன் என் பையன் என்று சொல்லித்தான் உள்ளே அனுப்புவேன்.